மேல நிக்கிற அந்தச் சாவி

படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க போனை ஒரு தடவை பாருங்க. மேல, பேட்டரிக்குப் பக்கத்துல, சின்னதா ஒரு சாவி தெரியுதா? தெரிஞ்சா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தெரியலைன்னாலும் படிங்க. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவன் போன்ல கண்டிப்பா இருக்கும்.

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப எங்கப்பா கேட்டார். "டேய், மேல சாவியாட்ட ஒண்ணு எப்பப் பாத்தாலும் நிக்குதே, நீ போட்டதுதான? இருக்கட்டுமா, எடுத்துடலாமா? போன் ரொம்பச் சூடாவுது."

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சப்ப வாயில போட்ட முறுக்கு தொண்டையில நின்னுடுச்சு.

கதை 2020-ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செஞ்சது. பப்ஜி அதுல ஒண்ணு. அக்டோபர் 30-ம் தேதியோட இந்தியாவுக்கான சர்வரையும் நிறுத்திட்டாங்க. நான் அப்ப பத்தாவது. பள்ளிக்கூடம் கிடையாது, ஆன்லைன் கிளாஸ், கையில அப்பாவோட போன். கொரியா வெர்ஷனை இறக்கு, கூடவே ஒரு விபிஎன் போடு, வேலை முடிஞ்சதுன்னு ஒரு நண்பன் சொன்னான். ப்ளே ஸ்டோர்ல தேடினேன். இலவசம், நாலு ஸ்டாருக்கு மேல ரேட்டிங். எந்த ஆப்னு பேர் சொல்ல மாட்டேன். யார் நடத்துறாங்கன்னு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. "இந்த ஆப் உங்கள் நெட்வொர்க் டிராஃபிக்கைக் கண்காணிக்க முடியும்"னு ஆண்ட்ராய்டு நேராவே எச்சரிச்சது. ஓகே அழுத்திட்டேன். நீங்களும் அழுத்தியிருப்பீங்க.

2021 ஜூலையில பிஜிஎம்ஐ வந்தது. கொரியா வெர்ஷனை அழிச்சேன். விபிஎன்னை மறந்துட்டேன். அது போனை ஆன் பண்ணும்போதெல்லாம் தானா கனெக்ட் ஆகிற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தேன். நடுவுல ஒரு தடவை அப்பா அது என்னன்னு கேட்டப்ப, "அது சேஃப்டிப்பா"ன்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. அவர் நம்பிட்டார்.

எங்கப்பாவுக்கு ஒரே ஒரு லாரி. நாமக்கல் பக்கம் ஒரு லாரி மட்டும் வச்சிருக்கிறவங்களுக்கு ஆபீஸ்னு தனியா ஒண்ணு கிடையாது, போன்தான் ஆபீஸ். ஃபாஸ்டேக் ரீசார்ஜ், இ-வே பில், டீசல் காசு, டிரைவருக்கு அனுப்புற பேட்டா, வண்டி இன்சூரன்ஸ், பேங்க் ஆப், அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் வரைக்கும் அதுலதான். மூணு வருஷம் அத்தனையும், எனக்கு முகம் தெரியாத யாரோ ஒருத்தரோட சர்வர் வழியா போயிட்டு வந்திருக்கு. நான் பப்ஜி ஆடணும்கிறதுக்காக.

எதுவும் திருடு போகல. அப்படித்தான் நினைக்கிறேன். போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுங்கிறதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

மூணாவது வருஷம் நெட்வொர்க்ஸ் பேப்பர் படிச்சப்பதான் நான் பண்ணின காரியம் என்னன்னு முழுசா விளங்குச்சு. புத்தகத்துல இருக்கிற படத்தை விட நம்ம ஊர் பாஷையில சொன்னா சுலபம். ராசிபுரத்துல இருந்து டெல்லிக்கு ஒரு பெட்டி அனுப்புறீங்கன்னு வச்சுக்கோங்க. பெட்டி சீல் வச்சது, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஆனா மேல ஒட்டின லேபிள்ல யார்கிட்ட இருந்து, யாருக்குன்னு எழுதியிருக்கு. வழியில இருக்கிற ஒவ்வொரு செக்போஸ்ட்டும் அதைப் படிக்கலாம். எச்டிடிபிஎஸ் இருக்கிற சைட்டுக்கு நீங்க போறது இப்படித்தான். நெட் கம்பெனியோ ஹாஸ்டல் வைஃபையோ உங்க பாஸ்வேர்டைப் பார்க்க முடியாது. எந்த சைட்டுக்குப் போனீங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்பதை எல்லாம் பார்க்க முடியும்.

இப்ப அந்தப் பெட்டியை ஒரு சாக்குக்குள்ள போட்டுத் தைச்சு, சாக்கு மேல "செவ்வாய்ப்பேட்டை குடோன், சேலம்"னு மட்டும் எழுதி அனுப்புறீங்க. செக்போஸ்ட்டுக்குத் தெரியறது குடோன் பேர் மட்டும். குடோன்காரர் சாக்கைப் பிரிக்கிறார். பெட்டி மேல இருக்கிற லேபிளைப் படிக்கிறார். அனுப்புநர் இடத்துல தன் குடோன் பேரை எழுதி டெல்லி வண்டியில ஏத்துறார். டெல்லிக்காரருக்கு நீங்க யாருன்னு தெரியாது. செக்போஸ்ட்டுக்கு டெல்லின்னே தெரியாது. ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆள் குடோன்காரர்தான்.

விபிஎன்னா அவ்வளவுதான். உங்களை யாருமே பார்க்காம அது செய்யாது. பார்க்கிற ஆளை மாத்தும். முன்னாடி நெட் கம்பெனி பார்த்ததை இப்ப குடோன்காரர் பார்க்கிறார். நெட் கம்பெனிக்காவது ஒரு விலாசம் உண்டு, லைசென்ஸ் உண்டு, கேஸ் போட்டா ஆஜராக ஒரு வக்கீல் உண்டு. நான் அப்பா போன்ல ஏத்தின ஆப்புக்கு ஒரு ஜிமெயில் ஐடி மட்டும்தான் இருந்தது.

அதனால விபிஎன்னே கெட்டதுன்னு நான் சொல்ல வரல. அது திருட்டு வேலைக்குன்னு பிறந்ததும் இல்ல. வெளியூர்ல இருக்கிற ஊழியர் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள பத்திரமா நுழையறதுக்காக 1990-கள்ல வந்த ஏற்பாடு அது. லாக்டவுன் காலத்துல ஆத்தூர், சங்ககிரி பக்கம் தோட்டத்து வீட்டுல உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்த்த அண்ணன்களும் அக்காக்களும் காலையில லாக்-இன் பண்ணினது விபிஎன் வழியாத்தான். அங்க குடோனும் கம்பெனியோடது, சரக்கும் கம்பெனியோடது. சந்தேகத்துக்கே இடமில்ல. நம்ம சரக்கை அடுத்தவர் குடோன்ல இறக்கும்போதுதான் அவர் யாருன்னு கேட்கணும்.

இலவச ஆப்களை முதல்ல எடுத்துக்கலாம். சர்வருக்கு வாடகை உண்டு, பேண்ட்வித்துக்குக் காசு உண்டு. நீங்க கொடுக்கலைன்னா வேற யாரோ கொடுக்கிறாங்க. எதுக்குக் கொடுக்கிறாங்க?

ஃபேஸ்புக் 2013-ல ஒனாவோன்னு ஒரு இஸ்ரேல் நிறுவனத்தை வாங்கினது. ஒனாவோ ப்ரொடெக்ட் என்பது அதோட இலவச விபிஎன் ஆப். பேர்லயே "பாதுகாப்பு" இருக்கு பாருங்க. அதைப் போட்டிருந்தவங்க எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துறாங்கன்னு ஃபேஸ்புக் அது வழியா பார்த்துக்கிட்டிருந்தது. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமா வளருதுன்னு அந்தக் கணக்குல தெரிஞ்சது. 2014-ல வாட்ஸ்அப்பையே வாங்கினாங்க. பிரிட்டன் பாராளுமன்றம் 2018 டிசம்பர்ல வெளியிட்ட ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள்ல இந்த வரைபடங்கள் இருந்தன. அந்த வருஷம் ஆகஸ்ட்லயே ஆப்பிள் தன் ஸ்டோர்ல இருந்து ஒனாவோவை எடுக்க வச்சிருந்தது. 2023-ல ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதுக்காக மெட்டாவோட ரெண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. பாதுகாப்புன்னு பேர் வச்சுட்டு, தகவல் எடுக்கிறதைத் தெளிவா சொல்லலைங்கிறதுதான் குற்றம்.

ஹோலா கதை இன்னும் விசித்திரம். அதைப் போட்டிருந்தவங்களோட இணைப்பையே அந்த நிறுவனம் லுமினாட்டிங்கிற இன்னொரு சேவை வழியா வித்துக்கிட்டிருந்தது 2015-ல வெளிச்சத்துக்கு வந்தது. அதாவது உங்க சாக்கு வேற ஒருத்தர் வீட்டு வழியா போகும். வேற எவனோட சாக்கோ உங்க வீட்டு வாசல்ல இருந்து கிளம்பும். அவன் ஏதாவது பண்ணினா போலீஸ்க்குக் கிடைக்கிறது உங்க ஐபி முகவரி.

2020 ஜூலையில யூஎஃப்ஓ விபிஎன் உள்பட ஏழு இலவச ஆப்களோட தகவல், பாஸ்வேர்டே இல்லாம திறந்து கிடந்த ஒரு சர்வர்ல கிடைச்சது. எல்லாமே ஹாங்காங் தொடர்புள்ளவை. பேர் ஏழு, பின்னாடி இருந்தது ஒரே கூடாரம். பயன்படுத்தினவங்களோட பாஸ்வேர்டு, ஐபி முகவரி, போன சைட்டுகள் எல்லாம் அதுல இருந்தது. ஏழு ஆப்பும் விளம்பரத்துல சொன்னது, "நாங்க எந்தப் பதிவும் வைக்கிறதில்ல." நான் பப்ஜிக்காக ஆப் தேடின அதே வருஷம். இந்தச் செய்தியை அப்ப படிச்சிருந்தா அந்த ஓகேவை அழுத்தியிருப்பேனான்னு கேட்டீங்கன்னா, உண்மையைச் சொல்றேன், அழுத்தியிருப்பேன். பதினஞ்சு வயசு.

ஆஸ்திரேலியாவோட சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்களும் மத்தவங்களும் சேர்ந்து 2016-ல 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரிச்சுப் பார்த்தாங்க. 38 சதவீதத்துல மால்வேர் அறிகுறி. 18 சதவீதம் டிராஃபிக்கை என்க்ரிப்டே பண்ணல. சாக்கே இல்லாத குடோன்!

சரி, காசு கொடுத்தா? அங்கயும் "நோ-லாக்ஸ்"ங்கிறது ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை உண்மையான்னு போலீஸ் கதவைத் தட்டுற அன்னைக்குத்தான் தெரியும். 2017-ல அமெரிக்காவுல ஒரு பெண்ணை இணையத்துல துரத்தித் துன்புறுத்தின ஒருத்தனை எஃப்பிஐ பிடிச்சது. அவன் பயன்படுத்தினது பியூர்விபிஎன். பதிவு வைக்கிறதில்லன்னு சொன்ன அதே நிறுவனத்தோட பதிவுகள்தான் சாட்சியா வந்தது. அவன் மாட்டினது நல்லதுதான், அதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா நிறுவனம் சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு.

எதிர் உதாரணமும் இருக்கு. 2023 ஏப்ரல் 18-ம் தேதி ஸ்வீடன்ல கோதன்பர்க் நகரத்துல இருக்கிற முல்வாட் விபிஎன் ஆபீஸுக்கு போலீஸ் வாரன்ட்டோட வந்தது. வாடிக்கையாளர் பட்டியல்னு ஒண்ணு இருந்தாத்தானே எடுக்க முடியும்? வெறும் கையோட திரும்பினாங்க. அந்த நிறுவனம் இமெயில்கூடக் கேட்கிறதில்ல. ஒரு நம்பர் கொடுக்கும், மாசம் 5 யூரோ, கவர்ல ரொக்கமா போட்டு அனுப்பினாலும் வாங்கிக்கும். துருக்கியில 2016 டிசம்பர்ல ரஷ்யத் தூதர் கொலையான வழக்குல எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வரையே எடுத்துட்டுப் போனாங்க, அதுலயும் ஒண்ணும் கிடைக்கல. விளம்பரத்துல வர்ற யூடியூபர் சொல்றதை விட இந்த மாதிரி ஒரு சோதனை நடந்துச்சாங்கிறதைத்தான் நான் முதல்ல தேடுவேன்.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்க இருக்கு.

2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன், அதாவது மத்திய அரசோட கணினி அவசரகால அமைப்பு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் ஒரு உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரோட சரிபார்த்த பேர், விலாசம், தொடர்பு எண், இமெயில், கொடுத்த ஐபி முகவரி, சேர்ந்த நேரம் எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கணும். அவர் சேவையை விட்டுப் போன பிறகும் 5 வருஷம் வச்சிருக்கணும். என்ன காரணத்துக்காக இந்தச் சேவையை வாங்குறார் என்பதும் அந்தப் பட்டியல்ல உண்டு. (ஹாஸ்டல்ல அந்தக் கட்டத்தை யாராவது நேர்மையா நிரப்பினா படிக்க ஆசையா இருக்கு.) கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு வச்சிருக்கிற விபிஎன்னுக்கு இது பொருந்தாதுன்னு மே மாசம் விளக்கம் வந்தது. விதியை ஏத்துக்க முடியாதவங்க வெளியேற வேண்டியதுதான்னு அப்போதைய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வெளிப்படையாவே சொன்னார்.

வெளியேறினாங்க. ஜூன் முதல் வாரத்துல எக்ஸ்பிரஸ்விபிஎன், அப்புறம் சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவுல இருந்த சர்வர்களை எடுக்கப் போறதா அறிவிச்சாங்க. விதி அமலுக்கு வர்றதை செப்டம்பர் 25 வரைக்கும் தள்ளிப் போட்டாங்க. அந்த மாசம் புரோட்டானும் கிளம்பிச்சு. எஸ்என்டி ஹோஸ்டிங்ஸ்ங்கிற சின்ன இந்திய நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துல உத்தரவை எதிர்த்து வழக்கு போட்டது. இன்னைக்கு இந்த ஆப்கள்ல "இந்தியா"ன்னு கொடி போட்டு ஒரு சர்வர் இருந்தா, அது பெரும்பாலும் சிங்கப்பூர்லயோ லண்டன்லயோ நிக்கிற மெஷின். இந்திய ஐபி முகவரி மட்டும் ஒட்டியிருக்கும். 2025 ஜனவரியில க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1 உள்பட சில ஆப்கள் இந்திய ஆப் ஸ்டோர்கள்ல இருந்தே காணாமப் போச்சு.

அரசு தரப்பு நியாயத்தையும் பார்க்கணும். ஓடிபி கேட்டு ஏமாத்துறவன், பொண்ணுங்க போட்டோவை மார்ஃப் பண்றவன், இவனுங்க எல்லாம் விபிஎன் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கான். பாதிக்கப்பட்டவர் சேலம் சைபர் க்ரைம் ஸ்டேஷன்ல வந்து அழுதா, "ஐபி வெளிநாட்டைக் காட்டுதும்மா"ன்னு சொல்லி அனுப்பறது நியாயமா? இல்ல. இதை நான் லேசா எடுத்துக்கல.

ஆனா ஒருத்தனைப் பிடிக்க எல்லாரோட பேரையும் அஞ்சு வருஷம் எழுதி வைங்கன்னா, அந்த எழுதின நோட்டையே யாராவது தூக்கிட்டுப் போனா என்ன பண்றது? யூஎஃப்ஓ சர்வர்ல நடந்தது அதுதான். இல்லாத பட்டியல் கசியாது. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அந்த உரிமையைக் குறைக்கணும்னா தேவைக்குத் தகுந்த அளவுதான் குறைக்கலாம்னும் அந்தத் தீர்ப்பு பேசுது. சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு காலேஜ் பையன் எதுக்கு விபிஎன் வாங்குறான்னு அஞ்சு வருஷம் பதிஞ்சு வைக்கிறது எந்த அளவு?

நடைமுறையில நடந்ததைப் பாருங்க. சட்டத்துக்குப் பதில் சொல்ற, ஆடிட் பண்ணிக்கிற, பேர் தெரிஞ்ச கம்பெனிகள் சர்வரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. விலாசமே இல்லாத ஆப்கள் இருந்த இடத்துலயே இருக்கு. ஸ்டோர்ல இல்லாததை டெலிகிராம்ல ஏபிகே ஃபைலா எடுத்துப் போடுறான் எங்க விங்ல ஒருத்தன். குற்றவாளிக்கு வேற வழி எப்பவும் உண்டு. மாட்டிக்கிட்டது எங்கப்பா மாதிரி ஆளுங்க.

காஷ்மீர் ஞாபகமும் வருது. 2020 ஜனவரியில அங்க இன்டர்நெட்டைத் திருப்பிக் கொடுத்தப்ப, அனுமதிச்ச பட்டியல்ல இருந்த சைட்டுகள் மட்டும்தான், அதுவும் 2ஜி. மக்கள் விபிஎன் போட்டாங்க. பிப்ரவரியில விபிஎன் வழியா சமூக ஊடகங்களைத் தவறாப் பயன்படுத்தினாங்கன்னு யுஏபிஏ சட்டத்துல எஃப்ஐஆர் போட்டாங்க. நமக்கு விளையாட்டு, அங்க வழக்கு.

அரசைக் கேள்வி கேட்கிறது சுலபம். நம்ம பக்கத்துலயே ஒரு குடோன் இருக்கு, ஹாஸ்டல் வைஃபை. ஒவ்வொருத்தரும் ரோல் நம்பர் போட்டுத்தான் உள்ள போறோம். அப்படின்னா எந்த ரோல் நம்பர் எந்த சைட்டுக்கு எத்தனை மணிக்குப் போச்சுன்னு ஃபயர்வால்ல பதிவு இருக்கு. இது எந்தக் காலேஜ்லயும் இருக்கிறதுதான், தப்பும் இல்ல. சில காலேஜ்கள்ல ஒரு படி மேல போய், "வைஃபை வேலை செய்யணும்னா இந்த சர்டிபிகேட்டை லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணு"ன்னு சொல்றாங்க. அது ரூட் சர்டிபிகேட்டா இருந்தா அர்த்தமே வேற. பெட்டி மேல இருக்கிற லேபிள் மட்டுமில்ல, சீலை உடைச்சு உள்ள பார்த்துட்டு, அதே மாதிரி வேற சீல் வச்சு அனுப்ப முடியும். அந்த மாதிரி ஒண்ணை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி லேப் சார்கிட்ட என்னன்னு கேளுங்க. கேட்கிறது மரியாதைக் குறைவு இல்ல, சிலபஸ்ல இருக்கிற கேள்வி.

ஒரு பொண்ணு ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராம ஒரு மனநல ஆலோசனை சைட்டைத் திறக்கிறான்னு நினைச்சுக்கோங்க. இல்ல, மாதவிடாய் தள்ளிப் போச்சுன்னு ஒரு டாக்டர் பக்கத்தைப் படிக்கிறா. அவ என்ன குற்றம் பண்ணினா? ஆனா அந்த சைட் பேர் அவ ரோல் நம்பருக்கு நேரா எங்கயோ ஒரு வரியா உட்கார்ந்திருக்கு. அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும், வார்டன் கேட்டா கொடுப்பாங்களான்னு நமக்குத் தெரியாது. தெரியாததால அவ என்ன பண்றா? இலவச விபிஎன்னைப் போடுறா. வார்டனுக்குப் பயந்து, முகமே தெரியாத ஆள்கிட்ட போய் நிக்கிறா. அதனாலதான் சொல்றேன், விபிஎன்னை ப்ளாக் பண்ணியாச்சுன்னு சர்க்குலர் போடுறதோட காலேஜ் வேலை முடியல. என்னென்ன பதிவாகுது, எத்தனை நாளைக்கு, யார் கண்ணுல படும்னு ஒரே ஒரு பக்கம் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. அந்த ஒரு பக்கம் வந்தா பாதிப் பேர் விபிஎன்னை எடுத்துடுவான்னு நான் நம்புறேன். மீதிப் பாதி இன்ஸ்டாகிராமுக்காகப் போடுறவன். அவனை விடுங்க.

"சரி, எதைத்தான் போடறது?"ன்னு கேட்பீங்க. ஒரு பேரைச் சொன்னா நானும் விளம்பரம் பண்ற யூடியூபர் ஆயிடுவேன். என்ன பார்க்கலாம்னு மட்டும் சொல்றேன். "மிலிட்டரி கிரேடு என்க்ரிப்ஷன்"னு போட்டிருந்தா சிரிச்சுட்டுத் தாண்டிப் போங்க. அவங்க சொல்ற ஏஇஎஸ்-ஐ உங்க பேங்க் சைட்டும் பயன்படுத்துது. அஞ்சாயிரம் சர்வர் இருக்குன்னு சொன்னாலும் அதே சிரிப்பு. கில் ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. சாக்கு கிழிஞ்சா வண்டியையே நிறுத்துற வசதி அது. இல்லைன்னா கனெக்ஷன் அறுந்த அந்த ரெண்டு நொடியில உங்க உண்மையான ஐபி வெளிய போயிடும். டிஎன்எஸ் கேள்விகளும் ஐபிவி6-ம் டனலுக்கு வெளிய கசியுதான்னு பாருங்க. விபிஎன் போட்டுட்டு வயர்ஷார்க்கைத் திறந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். லேப்ல நான் ஒரு பழைய போன்ல இதைப் பண்ணினப்ப, சாவி மேல நின்னுக்கிட்டே இருந்தது, டிஎன்எஸ் கேள்விகள் ஹாஸ்டல் ரூட்டருக்கு வரிசையா போயிக்கிட்டிருந்தது.

வயர்கார்டு இருக்கிறது நல்ல அறிகுறி. 2020 மார்ச்ல லினக்ஸ் 5.6 கர்னல்லயே சேர்ந்துடுச்சு. சுமார் நாலாயிரம் வரி கோடு, ஒரு மாணவர் உட்கார்ந்து படிச்சு முடிக்கலாம். மத்தபடி யார் ஓனர், எந்த நாடு, வெளி ஆளை வச்சு ஆடிட் பண்ணியிருக்காங்களா. ஓனர் கேள்வியை விட்டுடாதீங்க. எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 2021-ல கேப் டெக்னாலஜிஸ் வாங்கினது. சைபர்கோஸ்ட்டும் பிஐஏவும் ஏற்கனவே அவங்களோடது. கேப்புக்குப் பழைய பேர் கிராஸ்ரைடர், விளம்பர மென்பொருள்களோட பேர் அடிபட்ட நிறுவனம். நல்லவங்களா மாறியிருக்கலாம். மூணு கடையும் ஒரே முதலாளியோடதுன்னு தெரிஞ்சு வாங்குறது வேற, தெரியாம வாங்குறது வேற.

இலவசமாத்தான் வேணும்னா, காசு கட்டுற வாடிக்கையாளர்களை வச்சு இலவசத் திட்டம் நடத்துற ஒண்ணு ரெண்டு பேர் இருக்காங்க, புரோட்டான் மாதிரி. அங்க யார் காசு கட்டுறாங்கன்னாவது தெரியும். "நானே ஒரு விபிஎஸ் வாடகைக்கு எடுத்து வயர்கார்டு போட்டுக்கிறேன்"னு சொல்ற நண்பா, மினி ப்ராஜெக்ட்டுக்கு அருமையான தலைப்பு, பண்ணு. ஆனா உனக்கு விபிஎஸ் வாடகைக்கு விடுறவனும் அதே செர்ட்-இன் பட்டியல்ல இருக்கான். அங்க குடோன்ல நீ ஒருத்தன் மட்டும்தான் சரக்கு இறக்குற. யாருதுன்னு கண்டுபிடிக்க யாரும் கஷ்டப்பட வேண்டாம்.

எதைப் போட்டாலும், இன்ஸ்டாகிராம்ல உங்க பேர்லயே லாக்-இன் பண்ணினா அவங்களுக்கு நீங்க நீங்கதான். ஜிபிஎஸ் ஆன்ல இருந்தா நீங்க நெதர்லாந்துல இல்ல, ஓமலூர் மெயின் ரோட்டுலதான் இருக்கீங்க.

அன்னைக்கு அப்பா போன்ல இருந்து அந்த ஆப்பை எடுத்தேன். பேங்க் பாஸ்வேர்டு, ஜிமெயில் பாஸ்வேர்டு எல்லாம் மாத்தினேன். எச்டிடிபிஎஸ் இருந்திருக்கும், பாஸ்வேர்டு போயிருக்காதுன்னு மனசுக்குள்ள கணக்கு போட்டுக்கிட்டேதான் மாத்தினேன். ஆனா எந்த பேங்க், மாசத்துல எந்தத் தேதியில பணம் பார்க்கிறார், எந்த ஆஸ்பத்திரி சைட்டைத் திறந்தார், இதெல்லாம் லேபிள்ல இருந்தது. அதை மாத்த பாஸ்வேர்டு கிடையாது.

அப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். போனை வாங்கி மேல பார்த்தார். சாவி இல்ல.

"இப்பப் பூட்டாமக் கெடக்குதாடா?"ன்னு கேட்டார்.

"இல்லப்பா, பூட்டு இருக்கு. சாவியைத்தான் யார்கிட்டயோ கொடுத்து வச்சிருந்தேன்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "லாரி சாவியக் கூட நான் அப்படிக் குடுக்க மாட்டனே"ன்னு சொல்லிட்டு, டிரைவருக்குப் பேட்டா அனுப்ப போனைத் திறந்தார்.